பக்கம் கரைந்த பிறகு: அச்சுக்கோப்பிலிருந்து மின்பிரதிக்கு

1

அச்சான புத்தகத்தை மின்வாசிப்புக் கருவிக்கு மாற்றுவது, சட்டியில் இருக்கும் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றுவது மாதிரியான காரியம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பாத்திரம் மாறும், குழம்பு மாறாது. எழுதியவரும் இப்படித்தான் நினைக்கிறார், பதிப்பித்தவரும் இப்படித்தான் நினைக்கிறார். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய எதிர்வு இருக்கிறது: உள்ளடக்கம் / வடிவம், உயிர் / உடல். எழுத்தாளர் தருவது உயிர், கம்பாசிட்டர் தருவது உடல். எந்த உடலில் புகுந்தாலும் உயிர் அதுவேதான் என்பது இதன் உட்கிடை. இந்த எதிர்வு தொழில்ரீதியாக எந்த அளவுக்கு நிற்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கம்பைநல்லூரில் டிடிபி தொழில் செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இவைதாம் சோறு போடும் வேலைகள். இடையிடையே நண்பர்களின் கவிதைத் தொகுப்பு, கட்டுரைத் தொகுப்பு. சில வருஷங்களாகப் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை மின்நூலாக மாற்றித் தரும் வேலையும் சேர்ந்திருக்கிறது. "ஏங்க, பிடிஎஃப் இருக்குதில்ல, அதைய அப்பிடியே போட்டு வுட்டா ஆவாதா?" என்பது வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் 'ஆகாது' என்ற ஒரு சொல்லில் முடிகிறதாக இருந்தால் இக்கட்டுரை தேவைப்பட்டிருக்காது.

பிடிஎஃப் என்பது பக்கத்தின் உறைந்த வடிவம். டெமி அளவில் வைத்த பக்கம் டெமி அளவிலேயே கிடக்கும். ஆறு அங்குலத் திரையில் அதைத் திறந்தால் எழுத்து கடுகாகிவிடும். பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். வரிக்கு வரி இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். 2007இல் வந்த ஈபப் என்ற வடிவம் இதற்கு நேரெதிரான தத்துவத்தில் இயங்குகிறது. இணையப் பக்கங்களைப் போன்ற சில கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரில் அமேசான் வெளியிட்ட கிண்டில் கருவி வேறு கோப்பு வகையைப் பயன்படுத்தினாலும் தத்துவம் இதுதான். இதில் பக்கம் என்ற ஒன்று கோப்புக்குள் கிடையாது. எழுத்தின் அளவு, ஓரம், வரி இடைவெளி எல்லாவற்றையும் வாசகர் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வார். கருவி அந்தந்தக் கணத்தில் ஒரு பக்கத்தை உண்டாக்கிக் காட்டிவிட்டு அழித்துவிடும். நீர் மாதிரி ஓடுகிற பிரதி. ரோலான் பார்த் 1971இல் எழுதிய கட்டுரையில் படைப்பு கையில் பிடிக்கக் கூடியது, பிரதி மொழியில் தங்குவது என்று ஒரு வேறுபாட்டைச் சொன்னார். அவர் உருவகமாகச் சொன்னதைத் தொழில்நுட்பம் சாதாரண நடைமுறையாக ஆக்கிவிட்டது எனலாம். ஆனால் இந்த ஓட்டத்துக்குள் ஒரு பிரதியைக் கொண்டுவருவதற்கு அச்சுக்கோப்பை எத்தனை முறை உடைக்க வேண்டியிருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் வேறு கேள்விகள் எழுகின்றன.

2

முதல் உடைப்பு எழுத்தில் நிகழ்கிறது.

பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அதற்கு யூனிகோடு தெரியாது. தமிழ்ப் பதிப்புலகமோ அதற்குப் பிறகும் நெடுநாள் அதில்தான் உழன்றது. ஆகவே தமிழ்நாட்டில் அச்சான பெரும்பாலான புத்தகங்களின் கோப்புகளில் தமிழ் இல்லை. இது மிகையான கூற்று அல்ல. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று ஒருவர் தட்டச்சு செய்தால் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி மாட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துருவைக் கழற்றினால் பொருளற்ற ஆங்கிலக் குப்பை எஞ்சும். வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முகமூடி செய்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைப் பரிந்துரைத்தது. தன்னார்வலர்கள் உருவாக்கிய திஸ்கி தனி. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை முதலில் ஒரு எழுத்துருவிலும், பிறகு திஸ்கியிலும், பிறகு யூனிகோடிலும் என்று திரும்பத் திரும்ப மாற்றி வந்த வரலாறே ஒரு தனிக் கட்டுரைக்குரியது.

இந்தப் பழைய குறியீடுகள் எல்லாவற்றிலும் பொதுவான ஒரு அம்சம் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. 'கொ' என்றால் முதலில் கொம்பு, அடுத்து க, அடுத்து கால். ஈய அச்சில் கேஸிலிருந்து எடுத்து ஸ்டிக்கில் அடுக்கிய வரிசையும் இதுதான். யூனிகோடு காதுக்குக் கேட்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் க், அதன் மேல் ஒகரம். கண்ணின் ஒழுங்கிலிருந்து காதின் ஒழுங்குக்கு மாற்றுவதே குறியீட்டு மாற்றம். மாற்றி நிரல் எனப்படும் சிறு மென்பொருள் கொம்பைப் பார்த்ததும் அதை எடுத்து அடுத்த மெய்க்குப் பின்னால் வைக்கும்.

இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஔகாரத்தின் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் அச்சில் ஒரே உருவம். பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று வந்தால் அது 'வெள' என்பதா, 'வௌ' என்பதா? கண்ணால் படிக்கும் மனிதனுக்குச் சிக்கல் இல்லை, சூழல் சொல்லிவிடும். நிரலுக்குச் சூழல் தெரியாது. ஆகவே மின்நூல்களில் 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்றும், 'தெளிவு' என்பது 'தௌிவு' என்றும் ஆகி, இகரக் கொக்கி தொற்றிக்கொள்ள இடமில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்குவதைப் பார்க்கலாம். மறுபுறம் 'பௌர்ணமி' என்பது 'பெளர்ணமி' என்றே தங்கிவிடும். இரண்டாவது வகை ஆபத்தானது, ஏனென்றால் அது கண்ணுக்குச் சரியாகவே தெரியும். தேடினால் அகப்படாது. அச்சுப் பிரதியில் சரி என்றால் கண்ணுக்குச் சரி. மின்பிரதியில் சரி என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் ஆகிவிட்டன. பார்வைக்குப் பிழையின்றி இருந்துகொண்டே ஒரு சொல் பிரதியிலிருந்து காணாமற்போக முடியும் என்பது மெய்ப்புத் திருத்துபவரின் நெடுங்காலப் பயிற்சியைக் குலைத்துவிடுகிறது.

பார்வையற்ற வாசகரின் நிலையிலிருந்து இதைப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். அவருடைய திரைவாசிப்பான் கோப்புக்குள் உள்ள குறியீட்டை வாசிக்கிறதே ஒழிய முகமூடியை வாசிப்பதில்லை. பழைய எழுத்துருவில் உள்ள பிடிஎஃபைக் கொடுத்தால் ஜே, கே, பி, ஓ என்றுதான் ஒப்பிக்கும். படமாக ஸ்கேன் செய்த பக்கம் என்றால் மௌனம். 2012இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கான வடிவங்களில் நூல்களை மாற்ற அனுமதி தருகிறது. அதே நோக்கத்திற்காக 2013இல் உருவான மாரக்கேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான், 2014இல். அனுமதி இருக்கிறது. ஆனால் முகமூடிக்குள் தமிழே இல்லாத கோப்பை வைத்துக்கொண்டு அனுமதியை என்ன செய்வது?

3

எழுத்தின் குறியீடு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று தொலைகிறது. அது தொலைவது யாருக்கும் தெரிவதில்லை.

பெரியார் 1935 ஜனவரியிலிருந்து 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை போய் மற்ற ஐகார எழுத்துகளைப் போலவே இணைக்கொம்பு வந்தது. வளைத்துச் சுழித்த ணா, றா, னா போய்த் தனிக்கால் வந்தது. இவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் அப்படியே. தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணை பிறப்பித்து இந்தப் பதின்மூன்று எழுத்துகளை ஏற்கும்வரை, இடைப்பட்ட நாற்பத்துமூன்று ஆண்டுகளில், ஒரு பத்திரிகை 'லை' என்பதை எப்படி அச்சிடுகிறது என்பதே ஒரு அரசியல் அறிவிப்பாக இருந்தது. வாசகர் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே, எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில், தான் எந்த முகாமுக்குள் நுழைகிறோம் என்பதை அறிந்தார். அச்சு வடிவமே அங்கே குறிப்பானாக இயங்கியது.

யூனிகோடுக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. துதிக்கை 'லை'யும் இணைக்கொம்பு 'லை'யும் அதற்கு ஒரே எழுத்து. வேறுபாடு எழுத்துருவின் விவகாரம். 1935ஆம் ஆண்டுக் குடிஅரசுக் கட்டுரையையும், அதே மாதத்தில் அதை எதிர்த்து வேறொரு பத்திரிகையில் வந்த கட்டுரையையும் மின்பிரதியாக்கினால் இரண்டும் ஒரே முகத்தோடு நிற்கும். மோதல் எந்த எழுத்தின் மேல் நடந்ததோ அந்த எழுத்து சமாதானமாகிவிட்டது. ஆனால் 'ஐயா' என்பதை 'அய்யா' என்று எழுதிய மாற்றம் அழிவதில்லை, ஏனென்றால் அது வேறு எழுத்துகளின் வரிசை. 1978 அரசாணை ஏற்காமல் விட்ட மாற்றம் மின்பிரதியில் பிழைக்கிறது, அரசாணை ஏற்றுக்கொண்ட மாற்றத்தின் எதிர்ப்புத் தழும்பு மறைகிறது! எது எழுத்து, எது வெறும் தோற்றம் என்று தரப்படுத்தும் குழு எடுத்த முடிவுக்கு இப்படியொரு வரலாற்று விளைவு இருப்பதை நாம் பேசியதாகத் தெரியவில்லை.

இதற்குத் தொழில்ரீதியாகப் பரிகாரம் உண்டு. பழைய வடிவங்களைக் கொண்ட எழுத்துருவை நூலோடு பொதிந்து அனுப்பலாம். கருவி அதை ஏற்கும். குறைந்தபட்சம் மூலம் எந்த எழுத்தில் அச்சாகியிருந்தது என்று பதிப்புக் குறிப்பில் ஒரு வரி எழுதலாம். இரண்டுக்கும் முதலில் அது கவனிக்கத்தக்கது என்ற உணர்வு வேண்டும். 'பழைய எழுத்து இளைய வாசகர்களுக்குச் சிரமம்' என்ற ஒற்றை வாதத்தால் இது முடித்துவைக்கப்படுகிறது.

4

இரண்டாவது உடைப்பு பக்கத்தில் நிகழ்கிறது.

அச்சுப் பக்கத்தில் தலைப்பு என்பது பெரிய தடித்த எழுத்து. மேற்கோள் என்பது இருபுறமும் ஒடுங்கிய பத்தி. கடிதம் என்பது சாய்வெழுத்து. கம்பாசிட்டர் தோற்றத்தைக் கொடுக்கிறார், வாசகர் அதிலிருந்து வகையை ஊகிக்கிறார். மின்பிரதியில் இது தலைகீழ். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்ல வேண்டும்: இது தலைப்பு, இது பத்தி, இது மேற்கோள், இது கவிதை வரி. தோற்றத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். பெயர் சொல்லாமல் தப்பிக்க முடியாது. இந்தப் பெயரிடல் ஒரு வாசிப்புச் செயல். நாவலாசிரியர் நடுவில் சாய்வெழுத்தில் வைத்த ஒரு பத்தி பாத்திரத்தின் நினைவா, கடிதமா, வேறொரு நூலின் மேற்கோளா? அச்சில் அந்த இரட்டைத்தன்மையை அப்படியே விட்டுவைக்கலாம். மின்பிரதியில் சாய்வெழுத்து என்று மட்டும் சொல்லி நழுவலாம்தான். திரைவாசிப்பானுக்கு அப்போது ஒன்றும் கேட்காது.

இதைவிடச் சிக்கலானது வெற்றிடம். இரண்டு பத்திகளுக்கு இடையில் ஒரு வரி காலியாக இருந்தால் காலம் அல்லது களம் மாறுகிறது என்று பொருள். அந்த வெற்றிடம் சரியாகப் பக்கத்தின் அடியில் விழுந்தால்? அச்சில் அது கண்ணுக்கே தெரியாது. மூலக் கோப்பும் தொலைந்து புத்தகம் மட்டுமே கையில் இருக்கும்போது, அந்தப் பக்க முடிவில் கதை முறிகிறதா தொடர்கிறதா என்று தீர்மானிப்பவர் யார்? எழுதியவர் உயிரோடு இருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் தட்டச்சு செய்பவர் தீர்மானிப்பார். ஆசிரியனின் மரணம் பற்றி நாம் தொண்ணூறுகளில் நிறையப் பேசினோம். மரணத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஃபாரத்துக்கு இத்தனை ரூபாய் என்ற கூலிக்கு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பேசவில்லை.

கவிதைக்கு வருவோம். குறளில் முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று. கருவியில் எழுத்தைப் பெரிதாக்கினால் முதலடியின் நான்காம் சீர் உடைந்து கீழே விழும். இப்போது கண்ணுக்குத் தெரிவது மூன்று வரி: மூன்று, ஒன்று, மூன்று. வெண்பாவில் இரண்டாமடியின் இறுதியில் ஒரு சிறு கோடு போட்டுத் தனிச்சொல்லை நிறுத்துவது அச்சு மரபு. அந்தக் கோடும் தனிச்சொல்லும் அடுத்த வரிக்கு உருண்டுவிட்டால் யாப்பு தெரிந்தவருக்கே தடுமாறும். புதுக்கவிதையின் கதி இன்னும் மோசம். மரபுக் கவிதையில் அடி எங்கே முடிகிறது என்பதை எதுகையும் தளையும் காட்டிக்கொடுத்துவிடும். வரி முறிவையே யாப்பாகக் கொண்ட புதுக்கவிதையில் கருவி போட்ட முறிவுக்கும் கவிஞர் போட்ட முறிவுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் கவிதையே இல்லை.

இதற்கான வழி எளிது. ஒவ்வொரு கவிதை வரியையும் தனித் துண்டாக அறிவித்து, அது மடிந்தால் மடிந்த பகுதி மட்டும் உள்தள்ளி நிற்கும்படி ஒரு கட்டளை எழுத வேண்டும். உள்தள்ளி நிற்பது கருவியின் முறிவு, ஓரத்தில் தொடங்குவது கவிஞரின் முறிவு என்று வாசகர் இரண்டு பக்கத்திலேயே பழகிவிடுவார். இந்த எளிய வேலையைக்கூடச் செய்யாமல், கவிதைத் தொகுப்பை மொத்தமாகப் பத்தியாகப் போட்டு விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். "எல்லாம் எழுத்து வந்துடுச்சில்ல சார்" என்பது அதற்கு ஒரு இடத்தில் கிடைத்த சமாதானம். எழுத்து வந்துவிட்டது என்பது உண்மைதான்.

உரைநடையிலும் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. நம் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் இருபுறமும் ஒழுங்குசெய்தால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். அச்சில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் ஒடித்துக்கொள்வோம். புள்ளியெழுத்தில் வரி தொடங்கக்கூடாது என்பது ஒன்றுதான் கம்பாசிட்டர்கள் விடாமல் காத்த விதி. கருவிக்கு இந்த விதியை யாரோ சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராதவரை வலது ஓரத்தை ஒழுங்கற்று விட்டுவிடுவதே நல்லது. அழகு குறையும், வாசிப்பு பிழைக்கும். பழைய கோப்பில் கையால் போட்ட ஒடிகோடுகள் வரிநடுவில் வந்து நின்று முள்ளாகக் குத்துவதையும் களைய வேண்டும்.

5

மின்பிரதியால் மட்டும் இப்படி நேர்ந்துவிட்டது என்று புலம்புவது வரலாற்றை மறப்பதாகும். தமிழ்ப் பிரதி இதற்கு முன்பும் உடல் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உயிரும் சேர்ந்தே மாறியது.

எங்கள் வட்டாரத்தில் நடுகற்கள் அதிகம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வட்டெழுத்தில் பொறித்த கற்களைப் பார்க்கலாம். வீரனின் உருவத்துக்கு மேலும் பக்கவாட்டிலும் கிடைத்த இடத்தில் எழுத்து சுற்றிவரும். அங்கே வரி எங்கே முறிகிறது என்பதைத் தீர்மானிப்பது கல்லும் வீரனின் தோளும்தான். கல்வெட்டுத் தொகுதியில் அதே வாசகத்தை வரி எண் போட்டு அச்சிடும்போது வீரன் காணாமற்போகிறான். நமக்குப் படிக்கக் கிடைக்கிறது, நிற்பதற்குக் கிடைக்கவில்லை.

ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஓலை கிழியும் என்பதால் புள்ளியும் பெரும்பாலும் கிடையாது. எகர ஏகார வேறுபாட்டை இரட்டைக்கொம்பால் காட்டும் முறையை வீரமாமுனிவர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சானது முதல், 1887இல் உ. வே. சாமிநாதையர் 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்தது வரை, அச்சு என்பது இந்த இடைவெளியற்ற ஓட்டத்துக்குள் கத்தி வைத்த செயல்தான். எங்கே சொல் பிரிகிறது, எங்கே புள்ளி வைப்பது, எது பாடம், எது பாடபேதம் என்று ஒவ்வொரு எழுத்திலும் முடிவெடுத்தே சுவடி புத்தகமானது. பிறகு 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்து அச்சிட்டபோது இன்னொரு முடிவு எடுக்கப்பட்டது. சுவடி பயின்ற மரபினருக்கு அது யாப்பைச் சிதைப்பதாகப் பட்டது, பொதுவாசகருக்குக் கதவு திறந்தது. இரண்டும் உண்மை.

டி. எஃப். மெக்கன்சி 1985இல் பிரித்தானிய நூலகத்தில் ஆற்றிய உரைகளில் நூலின் புற வடிவமே அர்த்த உற்பத்தியில் பங்கெடுக்கிறது என்பதை வலியுறுத்தினார். தாள், எழுத்துரு, பக்க அமைப்பு எல்லாம் வாசிக்கப்படவேண்டிய குறிகள் என்பது அவர் வாதம். ழெரார் ழெனெத் 1987இல் தலைப்பு, முன்னுரை, பின்னட்டை முதலியவற்றைப் பிரதியின் வாசற்படி என்று கண்டார். நாம் இவற்றைக் கோட்பாடாகப் படித்தோம். நம் பதிப்பு வரலாறு முழுக்க இதே விஷயம் நடைமுறையாகக் கிடக்கிறது. சாமிநாதையரின் முகவுரைகள் அவர் எடுத்த முடிவுகளை வாசகருக்கு முன் வைக்கின்றன. எந்தெந்த ஊர்ச் சுவடி, யார் கொடுத்தது என்ற விவரங்கள் வரை. இன்றைய மின்பிரதி எந்த அச்சுப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. நூற்றிருபது, நூற்றிமுப்பது வருஷங்களுக்கு முன்பு நாம் கற்ற ஒழுக்கத்தை ஒரு பொத்தானை அழுத்தித் தொலைத்திருக்கிறோம்.

6

பக்கம் போனதால் விமர்சனத்துக்கு நேர்கிற சங்கடம் பக்க எண். 'பக். 47' என்று அடிக்குறிப்பு போட முடியாது. கிண்டில் தனக்கென்று ஒரு இட எண் வைத்திருக்கிறது. அது வேறு கருவிக்குப் பொருந்தாது. அச்சுப் பக்க எண்களைக் கோப்புக்குள் அடையாளமாகப் பதித்துவைக்க ஈபப் இடம் தருகிறது. தமிழ் மின்நூல்களில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் அரிது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், பக்க எண்ணால் மேற்கோள் காட்டுவது நமக்கு அச்சு கொடுத்த பழக்கம். உரையாசிரியர்கள் யாரும் பக்கம் சொல்லவில்லை. நூற்பா, அதிகாரம், பாட்டு இவற்றால் சொன்னார்கள். அந்த எண் பிரதிக்குள்ளேயே இருந்தது; எந்த ஓலையில் எடுத்தெழுதினாலும் கூடவே போனது. ஓடுகிற பிரதிக்குப் பொருத்தம் அதுதான். கட்டுரை நூல்களில் பத்திகளுக்கு எண் கொடுத்துவிட்டால் அச்சிலும் திரையிலும் ஒரே மேற்கோள் செல்லும். நான் மாற்றித் தருகிற கட்டுரைத் தொகுப்புகளுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள், சிலருக்கு அது பாடப்புத்தகம் போலத் தோன்றுகிறது.

அதிகாரம் சார்ந்த கேள்வி இன்னும் ஆழமானது. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. பெரிய பதிப்பகம் இல்லாத எழுத்தாளருக்கு, எங்கள் ஊர் மாதிரி புத்தகக் கடையே இல்லாத இடத்து வாசகருக்கு, அது உண்மையான திறப்பு. இதை மறுப்பது மேட்டிமைத்தனம். ஆனால் அங்கே விற்கப்படுவது புத்தகம் அல்ல, வாசிக்கும் உரிமம். 2009 ஜூலையில் ஒரு உரிமைச் சிக்கல் காரணமாக வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' நூல்களை அமேசான் அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்தது. பிறகு வருத்தம் தெரிவித்தது. 2025 பிப்ரவரியில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டது. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரிக்க ஆட்கள் வர வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து அழிக்க ஆட்கூடத் தேவையில்லை என்று சொன்னால் ஒப்பீடு மிகையாகலாம். ஆனால் ஈழத்து எழுத்துகளை 2005 முதல் பொதுவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தின் உந்துதலும், ஒரே அலமாரியில் எல்லாவற்றையும் வைக்கக்கூடாது என்ற பாடமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

நம் சிறுபத்திரிகைகளின் நிலை இதில் தனியானது. எண்பதுகளின் ஈய அச்சு இதழ்கள்கூடத் தாளாக எஞ்சியிருக்கின்றன. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் டிடிபிக்கு வந்த இதழ்களின் கோப்புகள் ஃபிளாப்பியில் கிடக்கின்றன. ஃபிளாப்பியைப் படிக்கும் கருவி இல்லை, பேஜ்மேக்கர் ஓடும் கணினி இல்லை, அந்த எழுத்துரு யாரிடமும் இல்லை. தாள் பிரதி ஐந்நூறு அச்சடித்ததில் எத்தனை கரையானுக்குத் தப்பியதோ அத்தனை. அதிகாரத்தையும் பிரதியையும் பற்றி இவ்வளவு பேசிய ஒரு தலைமுறையின் எழுத்து, முகமூடி கழன்ற ஆங்கில எழுத்துகளாகக் காந்தத் தகட்டில் மங்கிக்கொண்டிருக்கிறது.

7

ஆகவே சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். வைத்திருப்பவர்கள் பழைய கோப்போடு அதற்குரிய எழுத்துருவையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது சாவி தொலைந்த பெட்டி. மின்பிரதி எந்த அச்சுப் பதிப்பிலிருந்து வந்தது, எந்த ஆண்டு, எவ்வகை எழுத்து, என்னென்ன மாற்றப்பட்டது என்று ஒரு பக்கக் குறிப்பு எல்லா நூலிலும் இருக்க வேண்டும். மாற்றியவர் பெயர் அதில் வர வேண்டும். இது தற்பெருமைக்காகக் கேட்பது அல்ல. முடிவெடுத்தவர் யார் என்று தெரிந்தால்தான் அந்த முடிவோடு சண்டை போட முடியும். விற்பனைக் கடைக்குப் போகும் கோப்பு தவிர, பூட்டு இல்லாத ஈபப் பிரதி ஒன்று எழுத்தாளர் கையில் தனியாக இருக்க வேண்டும். கவிதைக்கு வரி, கட்டுரைக்குப் பத்தி எண், நாவலுக்கு வெற்றிடம் என்று ஒவ்வொன்றிலும் எது விட்டுக்கொடுக்க முடியாதது என்பதை மாற்றும் முன்பே எழுதியவரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். "நீங்க டைப் பண்றவரு, ஒங்களுக்கு எதுக்குங்க இந்த ஆராய்ச்சி?" என்று கேட்டவர்கள் உண்டு. சுவடியை எடுத்தெழுதிய ஏட்டாளரிடமும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். இன்று பாடபேதம் என்று நாம் அடிக்குறிப்பில் அச்சிடுகிறவற்றில் எத்தனை அவர்கள் கையிலிருந்து வந்தவை! வடிவத்தை வெறும் பாத்திரம் என்று எண்ணும் பார்வைக்கும், அதைக் கையாளும் உழைப்பை வெறும் கைவேலை என்று எண்ணும் பார்வைக்கும் இடையே இருக்கும் உறவைச் சாதியச் சமூகம் ஒன்றில் தனியாக விளக்க வேண்டியதில்லை. கோட்பாட்டாளர்கள் இந்த மேசைக்கு வந்து பார்க்க வேண்டும். வாதிட இங்கே நிறைய இருக்கிறது.